நீட் தேர்வுக்கு மாதிரித் தேர்வுகளைத் தேர்ந்தெடுக்கும் முறை

பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு, நீட் எழுதவிருக்கும் மாணவர்களின் வீடுகளில் மாதிரி வினாத்தாள்கள் குவியத் தொடங்கிவிடுகின்றன. பயிற்சி மையம் தரும் தாள்கள், கடையில் வாங்கிய தொகுப்புகள், கைப்பேசிச் செயலிகள், டெலிகிராம் குழுக்களில் வந்து சேரும் பிடிஎஃப் கோப்புகள் ஆகிய அனைத்தையும் எழுதி முடிக்க எந்த மாணவருக்கும் நேரம் போதாது. எழுத வேண்டிய தேவையும் இல்லை. ஒரு முழு மாதிரித் தேர்வை எழுத மூன்று மணி நேரம் ஆகிறது. அதைத் திருத்தி, தவறுகள் ஏன் நேர்ந்தன என்று ஆராய்ந்து, பலவீனமான பாடப்பகுதியை மீண்டும் படித்து முடிக்க இன்னும் நான்கைந்து மணி நேரமாவது வேண்டும். ஆகவே ஒவ்வொரு மாதிரித் தேர்வும் ஏறக்குறைய ஒரு முழு நாளைக் கேட்கிறது. தரமற்ற தாளுக்குக் கொடுத்த அந்த நாள் திரும்ப வராது என்பதால், எதை எழுதுவது என்று முடிவு செய்வதற்குச் சற்று நேரம் செலவிடுவது வீண் வேலை அல்ல.

எந்த நிறுவனத்தின் தொகுப்பு சிறந்தது என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள். நிறுவனத்தின் பெயரை வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. ஒரே நிறுவனம் வெளியிடும் தொகுப்பிலும் சில தாள்கள் நன்றாகவும் சில தாள்கள் அவசரத்தில் தொகுத்தவையாகவும் இருப்பதுண்டு. கையில் இருக்கும் தாளை உண்மையான நீட் வினாத்தாளுக்கு அருகில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதே நம்பத்தகுந்த வழி. அந்த ஒப்பீட்டை மாணவரே அரை மணி நேரத்தில் செய்துவிட முடியும். அதைச் செய்யும் முறையைத்தான் இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

இன்றைய தேர்வின் வடிவம்

ஒப்பிட வேண்டுமென்றால், எதனோடு ஒப்பிடுகிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். தேசியத் தேர்வு முகமை 2025இல் நடத்திய நீட் இளநிலைத் தேர்வில் 180 வினாக்கள், 180 நிமிடங்கள், 720 மதிப்பெண்கள் இருந்தன. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 45 வினாக்கள், உயிரியலுக்கு 90 வினாக்கள். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண் கிடைக்கும். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறையும். விடையளிக்காத வினாவுக்கு ஒன்றும் இல்லை. அனைத்து வினாக்களும் கட்டாயம்.

இந்த வடிவம் எப்போதும் ஒரே மாதிரி இருந்ததில்லை என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 2021 முதல் 2024 வரை ஒவ்வொரு பாடத்திலும் ‘ஆ’ பிரிவு என்ற ஒன்று இருந்தது. அதில் 15 வினாக்களுள் ஏதேனும் பத்துக்கு விடையளித்தால் போதும். அதனால் தாளில் 200 வினாக்கள் இருந்தன. 2022 முதல் 2024 வரை நேரமும் 200 நிமிடங்களாக இருந்தது. கொரோனாக் காலத்தில் வந்த அந்தத் தெரிவு வினாக்கள் 2025இல் நீக்கப்பட்டன. ஆயினும் அந்த ஆண்டுகளில் அச்சான தொகுப்புகள் பழைய புத்தகக் கடைகளில் இன்றும் கிடைக்கின்றன. அண்ணனோ அக்காவோ எழுதிய தாள்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும். 200 வினாக்களும் 200 நிமிடங்களும் கொண்ட தாளை அப்படியே எழுதிப் பழகுபவருக்கு, ஒரு வினாவுக்கு ஒரு நிமிடம் மட்டுமே உள்ள உண்மைத் தேர்வில் கடைசி இருபது நிமிடங்கள் கைகொடுக்காமல் போகும்.

வடிவத்தைக் காட்டிலும் பெரிய மாற்றம் பாடத்திட்டத்தில் நிகழ்ந்தது. தேசிய மருத்துவ ஆணையம் 2023 அக்டோபரில் வெளியிட்டு, 2024 தேர்விலிருந்து நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில், வேதியியலில் திடநிலை, புறப்பரப்பு வேதியியல், பலபடிகள், சுற்றுச்சூழல் வேதியியல் போன்ற பாடங்கள் இல்லை. உயிரியலில் செரிமானமும் உட்கிரகித்தலும், தாவரங்களில் கடத்துதல், கனிம ஊட்டம், சுற்றுச்சூழல் பிரச்சினைகள் போன்றவை இல்லை. மாறாக, இயற்பியலில் வெர்னியர் அளவி, திருகு அளவி தொடங்கிச் செய்முறைத் திறன்கள் ஒரு தனி அலகாகவும், வேதியியலில் செய்முறை வேதியியலின் கோட்பாடுகள் ஒரு தனி அலகாகவும் சேர்ந்துள்ளன. ஒரு மாதிரித் தாளில் திடநிலையிலிருந்து வினா வந்து, செய்முறை அலகிலிருந்து ஒரு வினாவும் வராமல் இருந்தால், அட்டையில் எந்த ஆண்டு அச்சிடப்பட்டிருந்தாலும் அது பழைய தாள்தான். பாடத்திட்டத்தைப் பதிவிறக்கி, அச்செடுத்து, மேசைக்கு மேலே ஒட்டி வையுங்கள். ஒவ்வோர் ஆண்டும் முகமை வெளியிடும் தகவல் கையேட்டை, அது வந்த நாளிலேயே, தேர்வு வடிவம், நேரம், பாடத்திட்டம் ஆகிய மூன்றையும் சரிபார்ப்பதற்காகப் படித்துவிட வேண்டும்.

உண்மையான வினாத்தாள்களே அளவுகோல்

முந்தைய ஆண்டு வினாத்தாள்களை ‘படித்து முடிக்க வேண்டிய வினா வங்கி’யாக மட்டுமே பலர் பார்க்கிறார்கள். அதிகாரபூர்வ வினாத்தாளுக்கு இணையான மாதிரித் தேர்வு வேறு எதுவும் இல்லை; அவற்றின் எண்ணிக்கையும் குறைவு. 2013இல் ஒரு முறை, 2016இல் மே மாதமும் ஜூலை மாதமுமாக இரு முறை, 2017 முதல் ஆண்டுதோறும், 2024இல் சிலருக்கு மட்டும் நடந்த மறுதேர்வு என்று எண்ணிப் பார்த்தால் கைக்கு வருபவை ஒரு டஜனுக்குச் சற்று மேற்பட்ட தாள்கள்தாம். அவற்றைப் பதினோராம் வகுப்பிலேயே அத்தியாய வாரியாகப் பிரித்துக் கரைத்துவிட்டால், கடைசி இரண்டு மாதங்களில் உங்களை அளந்து பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

ஆகவே நான் பரிந்துரைக்கும் முறை இது. 2019 வரையிலான தாள்களை அத்தியாயப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அண்மைக்கால ஐந்தாறு தாள்களை, வினாக்களைக்கூடப் பார்க்காமல், ஓர் உறையில் போட்டு ஒதுக்கி வையுங்கள். அவற்றுள் ஒன்றை மட்டும் பயிற்சியின் தொடக்கத்தில், உங்கள் தொடக்க நிலையை அறிவதற்காக, முழு நேரம் வைத்து எழுதுங்கள். எஞ்சியவற்றைத் தேர்வுக்கு முந்தைய ஆறு வாரங்களில் எழுதுங்கள். கடையில் கிடைக்கும் அத்தியாய வாரித் தொகுப்புகள் எல்லா ஆண்டு வினாக்களையும் கலந்து தருவதால், அவற்றை வாங்கும்போது ஒவ்வொரு வினாவுக்கும் பக்கத்தில் ஆண்டு குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். குறிக்கப்படாவிட்டால் ஒதுக்கி வைத்த தாள்களின் வினாக்கள் முன்கூட்டியே கண்ணில் பட்டுவிடும். பிறகு அவற்றில் வாங்கும் மதிப்பெண்ணுக்குப் பொருள் இருக்காது.

பழைய தாள்களை இன்றைய வடிவத்துக்கு மாற்றிக்கொள்வது எளிது. 2021 முதல் 2024 வரையிலான தாள்களில் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்று நான்கு பகுதிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் முதல் பிரிவின் 35 வினாக்களையும் ‘ஆ’ பிரிவின் முதல் பத்து வினாக்களையும் மட்டும் எடுத்துக்கொண்டால் 180 வினாக்கள் ஆகிவிடும். அவற்றை 180 நிமிடங்களில் எழுதுங்கள். விடுபட்ட இருபது வினாக்களை வேறொரு நாளில் இருபது நிமிட விரைவுத் தேர்வாகப் பயன்படுத்தலாம். 2020க்கும் அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கும் உரிய தாள்கள் இன்றைய வடிவத்தையே கொண்டவை. ஆனால் நீக்கப்பட்ட பாடங்களின் வினாக்கள் அவற்றில் கலந்திருக்கும். வீட்டில் இன்னொருவரை, பாடத்திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த வினாக்களை முன்கூட்டியே அடித்துவிடச் சொல்லுங்கள். எத்தனை வினாக்கள் அடிபட்டனவோ அத்தனை நிமிடங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எய்ம்ஸ் நிறுவனங்களும் ஜிப்மரும் 2019 வரை தனி நுழைவுத் தேர்வு நடத்தின. எய்ம்ஸ் தாள்களில் கூற்று–காரணம் வகை வினாக்கள் நிறைய உண்டு. அந்த வகையில் தடுமாறுபவர்கள் அவற்றைத் தனியாக எடுத்துப் பயிற்சி செய்யலாம். முழுத் தாளாக எழுத வேண்டியதில்லை.

ஒரு தொகுப்பை அரை மணி நேரத்தில் சோதிப்பது

பெரும்பாலான பயிற்சி நிறுவனங்கள் ஒரு மாதிரித் தாளையாவது இலவசமாகத் தருகின்றன. கடையில் புத்தகமாக வாங்குவதென்றால் அங்கேயே நின்று புரட்டிப் பார்க்கலாம். அந்தத் தாளிலிருந்து பாடத்துக்கு ஏழெட்டு வினாக்களை, முதல் பக்கத்திலிருந்து வரிசையாக எடுக்காமல், நடுவிலிருந்தும் கடைசியிலிருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உயிரியலிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு வினாவுக்கும் உரிய விடை என்சிஇஆர்டி பாடநூலின் எந்தப் பத்தியில், எந்தப் படத்தில், எந்த அட்டவணையில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, முதல்நிலை அண்டசெல் தன் முதல் ஒடுக்கற்பிரிவை எப்போது முடிக்கிறது என்பது நல்ல வினா. மூன்றாம்நிலை நுண்பைக்குள், அண்டம் வெளிப்படுவதற்கு முன்பே அது முடிந்துவிடுகிறது என்று பாடநூல் தெளிவாகச் சொல்கிறது. கவனமாகப் படித்தவர் விடையளிப்பார். மேலோட்டமாகப் படித்தவர், இரண்டாம் பிரிவு கருவுறுதலின்போது முடிவதோடு இதைக் குழப்பிக்கொள்வார். பாடநூலில் எங்கும் இல்லாத ஒரு நொதியின் பெயரையோ ஒரு நோயின் அரிய வகையையோ கேட்கும் வினாக்கள் உயிரியல் பகுதியில் பத்தில் இரண்டு மூன்றுக்கு மேல் இருந்தால், அந்தத் தொகுப்பை உருவாக்கியவர் கல்லூரிப் பாடநூலைத் திறந்து வைத்துக்கொண்டு வினா எழுதியிருக்கிறார் என்று பொருள். அதைக் கடினமான தாள் என்று எண்ணி மயங்க வேண்டாம். அது வேறு ஏதோ தேர்வுக்கான தாள்.

பாடநூலின் எந்தப் பதிப்பு என்பதும் முக்கியம். 2024 தேர்வில் அணுக்களின் நிலைத்தன்மை பற்றிய ஓர் இயற்பியல் வினாவில், ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை என்று கூற்று அமைந்திருந்தது. பழைய என்சிஇஆர்டி நூலின்படி அது சரி. பெரும்பாலான தனிமங்களின் அணுக்கள் என்று திருத்தப்பட்டிருந்த புதிய நூலின்படி அது தவறு. முகமை இரு விடைகளையும் ஏற்றுக்கொண்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நீதிமன்றம் கேட்டுக்கொண்டபடி டெல்லி ஐஐடியின் மூன்று வல்லுநர்கள் ஆராய்ந்து, ஒரு விடை மட்டுமே சரி என்று அறிவித்தார்கள். மற்ற விடையைக் குறித்திருந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு ஐந்து மதிப்பெண் குறைந்தது. உடன்பிறந்தோரின் பழைய பாடநூலையும் அதை ஒட்டி உருவான பழைய வினாத் தொகுப்பையும் வைத்துப் படிப்பவர்கள் இந்த நிகழ்வை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மாதிரித் தாளின் விளக்கக் குறிப்பில் பாடநூல் பக்க எண் தரப்பட்டிருந்தால், உங்களிடம் உள்ள புதிய நூலில் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எண்கள் பொருந்தவில்லை என்றால் தாள் எப்போது எழுதப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

இயற்பியலில் விடைத் தெரிவுகளைப் பாருங்கள். ஒரு கம்பியை, கனஅளவு மாறாமல், இரு மடங்கு நீளத்துக்கு இழுத்தால் அதன் மின்தடை எத்தனை மடங்காகும் என்று ஒரு வினா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விடை நான்கு மடங்கு. தெரிவுகளில் இரண்டு, நான்கு, அரை, கால் ஆகியவை இருந்தால் வினாவை எழுதியவர் மாணவர்கள் எங்கே தவறுவார்கள் என்று யோசித்திருக்கிறார்: நீளம் கூடியதை நினைத்து, குறுக்குப் பரப்பு குறைந்ததை மறந்தவர் ‘இரண்டு’ என்று குறிப்பார், வாய்பாட்டையே தலைகீழாக நினைத்தவர் ‘கால்’ என்று குறிப்பார். தவறான விடையிலிருந்தே தவறு எங்கே என்று தெரிகிறது. அதே வினாவுக்கு நான்கு, முப்பத்தேழு, நூறு, பூச்சியம் என்று தெரிவுகள் இருந்தால், பாடம் தெரியாதவரும் சரியாகக் குறித்துவிடுவார். அந்த நான்கு மதிப்பெண் அவரை ஏமாற்றிவிடும். ஒரு தாளின் தரத்தை மிக விரைவாகக் காட்டிக்கொடுப்பவை இந்தத் தவறான தெரிவுகள்தாம் என்பது என் உறுதியான கருத்து.

கணக்கின் நீளத்தையும் கவனியுங்கள். கணிப்பான் இல்லாத தேர்வு இது. ஓரிரு வினாக்கள் நீண்ட கணக்கீட்டைக் கேட்கலாம்; 2025இல் இயற்பியல் பகுதி அப்படித்தான் பலரைத் திணறடித்தது. ஆனால் பத்துக்கு எட்டு வினாக்கள் மூன்று நிமிடத்துக்கு மேல் இழுத்தால், அவை பொறியியல் நுழைவுத் தேர்வுத் தொகுப்பிலிருந்து எடுக்கப்பட்டவையாக இருக்க வாய்ப்பு அதிகம். வேதியியலில் கனிம வேதியியல் வினாக்கள் பாடநூல் வரிகளை ஒட்டியும், இயற் வேதியியல் கணக்குகள் எளிதில் சுருங்கும் எண்களோடும், கரிம வேதியியல் வினாக்கள் வினைவழி முறையைப் புரிந்துகொண்டவருக்கு விடை கிடைக்கும்படியும் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

கடைசியாக விடைக்குறிப்பு. வெறும் எண்களும் எழுத்துகளுமாக ஒரு பக்கத்தில் முடிந்துவிடும் விடைக்குறிப்பைக் கொண்ட தொகுப்பை, அது இலவசமாகவே கிடைத்தாலும், தவிர்த்துவிடுங்கள். சரியான விடை ஏன் சரி என்பதோடு மற்ற மூன்றும் ஏன் தவறு என்பதையும் சொல்லும் விளக்கம் வேண்டும். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் அத்தியாயத்தின் ஐந்து விளக்கங்களைப் படித்துப் பாருங்கள். அவற்றுள் ஒன்று பிழையாக இருந்தால் அச்சுப்பிழை என்று விட்டுவிடலாம். இரண்டு பிழை என்றால், தெரியாத அத்தியாயங்களில் எத்தனை பிழைகளை உண்மை என்று நம்பி மனப்பாடம் செய்யப்போகிறோம் என்று யோசித்துத் தொகுப்பை மூடிவிட வேண்டும்.

தமிழில் தேர்வு எழுதுவோருக்கு

தமிழில் எழுதும் மாணவர்களுக்கு இன்னொரு சோதனை தேவைப்படுகிறது. 2018 தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருப்பதாக வழக்குத் தொடரப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த ஆண்டு ஜூலையில் 196 மதிப்பெண் கருணை மதிப்பெண்ணாக வழங்க உத்தரவிட்டது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது. மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது தகவல் கையேட்டில் உள்ள விதி. எனவே தமிழில் எழுதுபவருக்கும் ஆங்கில வாசகத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் பழக்கம் கட்டாயம் வேண்டும். உண்மைத் தேர்வில் தமிழ் வினாத்தாள் இருமொழியிலேயே இருக்கும்.

இதிலிருந்து தேர்ந்தெடுக்கும் விதி கிடைக்கிறது. தமிழ் மட்டுமே உள்ள மாதிரித் தாளைக் காட்டிலும் இரு மொழிகளும் அருகருகே உள்ள தாளே மேல். அந்தத் தாளின் தமிழ், மாநிலப் பாடநூலின் கலைச்சொற்களைப் பயன்படுத்துகிறதா, அல்லது இயந்திரத்தில் போட்டு எடுத்த மொழிபெயர்ப்பா என்று பாருங்கள். மூன்று வினாக்களை உரக்கப் படித்தாலே தெரிந்துவிடும். இருமொழித் தாள் கிடைக்காத நிலையில், முகமையின் பழைய தமிழ் வினாத்தாள்களை முழுத் தேர்வுகளாக வைத்துக்கொண்டு, அத்தியாயத் தேர்வுகளை ஆங்கிலத்திலேயே எழுதிப் பழகலாம். தமிழ்வழியில் படித்த மாணவருக்கு முதல் இரண்டு மூன்று வாரங்கள் சிரமமாக இருக்கும். ஆனால் பாடத்துக்கு நூறு, நூற்றைம்பது கலைச்சொற்கள் பழகிவிட்டால், ஐயம் வரும் வினாவில் இரண்டாவது வாசகத்தைப் படித்துத் தெளிவு பெறும் வசதி அவருக்குக் கிடைத்துவிடுகிறது.

கடினமும் மதிப்பெண்ணும்

உண்மைத் தேர்வைவிடக் கடினமான தாள்களை எழுதினால் தேர்வு எளிதாகத் தோன்றும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 600க்கு மேல் தொடர்ந்து எடுக்கும் மாணவருக்கு அது ஓரளவு பொருந்தும். 250, 300 என்ற நிலையில் இருக்கும் மாணவருக்கு அத்தகைய தாள் கேடு செய்கிறது. அவர் விட்டுவிடும் மதிப்பெண்கள் எளிய, நடுத்தர வினாக்களில்தான் இருக்கின்றன. கடினத் தாள் அந்த வினாக்களை எழுதிப் பழகும் வாய்ப்பையே தராமல், தனக்கு ஒன்றும் தெரியாது என்ற எண்ணத்தை மட்டும் விட்டுச் செல்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் இடம் பெற வாய்ப்புள்ள ஒரு பிள்ளை, ஜனவரி மாதத்தில் பொருத்தமற்ற இரண்டு தாள்களை எழுதி மனம் உடைந்து முயற்சியைக் கைவிடுவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை ஆசிரியர்கள் உணர வேண்டும்.

மாதிரித் தேர்வு மதிப்பெண்ணைச் சென்ற ஆண்டு கட்ஆஃப் மதிப்பெண்ணோடு நேரடியாக ஒப்பிடுவதும் தவறான முடிவுகளுக்கு இட்டுச் செல்லும். 2024இல் முதல் முடிவு வெளியானபோது 67 பேர் 720க்கு 720 பெற்றிருந்தார்கள். திருத்திய முடிவில் அந்த எண்ணிக்கை 17 ஆனது. 2025இல் நாட்டிலேயே முதலிடம் பெற்றவரின் மதிப்பெண் 686. பொதுப் பிரிவினருக்கான தகுதி மதிப்பெண்ணும் 162இலிருந்து 144க்கு இறங்கியது. உண்மைத் தேர்வின் கடினமே ஆண்டுக்கு ஆண்டு இவ்வளவு மாறும்போது, ஒரு நிறுவனத்தின் தாளில் 480, இன்னொன்றில் 530 என்று வருவதை வைத்து முன்னேற்றம் என்றோ சரிவு என்றோ சொல்ல முடியாது. ஒரே தொகுப்பின் அடுத்தடுத்த மூன்று தேர்வுகளின் சராசரியைத்தான் பார்க்க வேண்டும். அதனாலேயே முழுத் தேர்வுகளுக்கு ஒரு தொகுப்பைத் தேர்ந்தெடுத்து, அதிலேயே நிலைத்திருப்பது நல்லது. நான்கு தொகுப்புகளை வாங்கி ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு எழுதினால் எண்கள் ஒன்றோடொன்று பேசாது.

எதிர்மதிப்பெண் இல்லாத செயலித் தேர்வுகளை முழுத் தேர்வுக்குப் பயன்படுத்த வேண்டாம். ஒரு தவறான விடை, சரியான விடையோடு ஒப்பிடும்போது ஐந்து மதிப்பெண் வேறுபாட்டை உண்டாக்குகிறது. நான்கு தெரிவுகளையும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியாக வினாவுக்குக் கால் மதிப்பெண் மட்டுமே தேறும். ஒரு தெரிவை உறுதியாக நீக்கிவிட்டுக் குறித்தால் மூன்றில் இரண்டு மதிப்பெண் தேறும். இரண்டை நீக்கினால் ஒன்றரை. எந்த நிலையில் துணிவது, எந்த நிலையில் விட்டுவிடுவது என்ற முடிவு ஒவ்வொரு மாணவரின் இயல்பையும் பொறுத்தது. அதை எதிர்மதிப்பெண் உள்ள தேர்விலேயே பழக முடியும்.

தாளில் எழுதுவதா, திரையில் எழுதுவதா

2025 வரை நீட் தாளில்தான் நடந்திருக்கிறது. ஓஎம்ஆர் தாளில் ஒரு வட்டத்தை நிரப்ப நான்கு விநாடி என்று வைத்தாலும் 180 வட்டங்களுக்கு 12 நிமிடங்கள் ஆகும். திரையில் விரலால் தொட்டுப் பழகியவர் இந்தப் பன்னிரண்டு நிமிடங்களைக் கணக்கில் வைப்பதில்லை. குறித்த விடையை அழித்து மாற்றவும் முடியாது. எனவே முழுத் தேர்வுகளுக்கு ஓஎம்ஆர் தாளோடு வரும் அச்சுத் தொகுப்பையே தேர்ந்தெடுங்கள். அல்லது பிடிஎஃப் கோப்பை அச்செடுத்து, கடையில் கிடைக்கும் 180 வினா ஓஎம்ஆர் தாள்களைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். கறுப்புப் பந்துமுனைப் பேனா, பிற்பகல் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை, கைக்கடிகாரம் இல்லாமல் சுவர்க் கடிகாரம் மட்டும், கணக்கு போட வினாத்தாளிலேயே உள்ள வெற்றிடம் என்று தேர்வு அறையின் நிலைமைகளை வீட்டிலும் கடைப்பிடியுங்கள். மே மாத வெயிலில், மதிய உணவுக்குப் பிறகு, மூன்று மணி நேரம் விழிப்போடு அமர்வதற்கும் பயிற்சி வேண்டும்.

அத்தியாயத் தேர்வுகளுக்குச் செயலிகள் போதும். தேசியத் தேர்வு முகமை 2020இல் வெளியிட்ட ‘நேஷனல் டெஸ்ட் அப்யாஸ்’ செயலியும், கல்வி அமைச்சகமும் கான்பூர் ஐஐடியும் 2023இல் தொடங்கிய ‘சாத்தீ’ தளமும் கட்டணமின்றித் தேர்வுகளைத் தருகின்றன. என்சிஇஆர்டி வெளியிடும் எக்ஸெம்ப்ளர் வினாத் தொகுப்புகளும் அத்தியாயப் பயிற்சிக்கு நல்லவை. இவற்றில் சில பாடத்திட்ட மாற்றத்துக்கு முன்பே உருவானவை என்பதால், மேசைக்கு மேலே ஒட்டிய பாடத்திட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டே வினாக்களை எடுக்க வேண்டும்.

பணம் கொடுத்துத் தொகுப்பு வாங்குவோர் மூன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: விளக்கங்கள் எழுத்து வடிவில் கிடைக்குமா, அல்லது காணொளியாக மட்டுமா, தவறான விடைக்குறிப்பைச் சுட்டிக்காட்டினால் திருத்தம் வெளியிடுவார்களா, இந்த ஆண்டுக்கென எத்தனை தாள்கள் புதிதாக எழுதப்பட்டுள்ளன. நூறு முழுத் தேர்வுகள் தருகிறோம் என்ற விளம்பரம் எந்தப் பயனையும் குறிக்காது. நூறு தாளை ஒருவரும் எழுதி ஆராயப்போவதில்லை. ‘தேர்வில் வரப்போகும் வினாக்கள்’ என்று பணம் கேட்டு டெலிகிராமில் வரும் செய்திகளைத் திறக்கக்கூட வேண்டாம். அவை மோசடி, அவற்றில் சிக்குவோர் தேர்விலிருந்தே விலக்கப்படும் ஆபத்தும் உண்டு.

எத்தனை, எந்த வரிசையில்

பாடம் முடியும் முன்பே முழுத் தேர்வு எழுதுவதில் பயன் குறைவு. ஓர் அத்தியாயம் முடிந்த இரண்டு நாள்களுக்குள் முப்பது, நாற்பது வினாக்கள் கொண்ட அத்தியாயத் தேர்வு. நான்கைந்து அத்தியாயங்கள் சேர்ந்த பிறகு ஒரு பகுதித் தேர்வு. பதினோராம் வகுப்புப் பாடம் முழுதும் திருப்பிப் பார்த்த பிறகு அதற்கென ஒரு பெருந்தேர்வு என்று படிப்படியாகச் செல்ல வேண்டும். முழுத் தேர்வுகள் பொதுத் தேர்வுக்கு முன்பு வரை மாதம் ஒன்றிரண்டு போதும். பொதுத் தேர்வு முடிந்த பிறகு கிடைக்கும் ஐந்தாறு வாரங்களில் வாரத்துக்கு இரண்டு முதல் மூன்று எழுதலாம். மொத்தத்தில் பதினைந்து முதல் இருபது முழுத் தேர்வுகளை, ஒவ்வொன்றையும் ஆராய்ந்து எழுதிய மாணவர், ஐம்பது எழுதி மதிப்பெண்ணை மட்டும் பார்த்தவரைவிட நன்றாகத் தயாராகியிருப்பார். ஓராண்டு இடைவெளி எடுத்து மீண்டும் எழுதும் ரிப்பீட்டர் மாணவர்களுக்கு இந்த எண்ணிக்கை கூடலாம். ஆனால் அவர்கள் சென்ற ஆண்டு எழுதிய தொகுப்பையே மீண்டும் எடுக்கக் கூடாது, வினாக்கள் நினைவில் இருக்கும்.

அடுத்த தேர்வு எது என்பதை முந்தைய தேர்வின் தவறுகளே தீர்மானிக்கட்டும். ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் தவறிய வினாக்களையும், ஊகித்துச் சரியாக வந்த வினாக்களையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணத்தைக் குறியுங்கள்: பாடம் தெரியவில்லை, தெரிந்தும் வினாவைத் தவறாகப் படித்தேன், கணக்கில் தவறினேன், நேரம் போதவில்லை. பாடம் தெரியாத தவறுகள் மிகுந்திருந்தால் அடுத்த முழுத் தேர்வை ஒத்திப்போட்டு, அந்த அத்தியாயங்களின் சிறு தேர்வுகளுக்குத் திரும்புங்கள். நேரம்தான் காரணம் என்றால் உயிரியலின் 90 வினாக்களை மட்டும் 50 நிமிடங்களில் முடிக்கும் தனித் தேர்வுகளை எழுதுங்கள். அங்கே மிச்சப்படும் நேரம்தான் இயற்பியலுக்குப் போகும். வினாவைத் தவறாகப் படிப்பது காரணம் என்றால் கூற்று–காரணம், பொருத்துக, ‘பின்வருவனவற்றுள் தவறானது எது’ போன்ற வகைகள் நிறைந்த தாள்களைத் தேடி எடுக்க வேண்டும்.

ஒதுக்கி வைத்த அதிகாரபூர்வ தாள்களுள் மிக அண்மைக் காலத்தியதைத் தேர்வுக்கு ஏழெட்டு நாள்களுக்கு முன்பு கடைசி முழுத் தேர்வாக எழுதுங்கள். அதன் தவறுகளைத் திருத்தி முடிக்க இரண்டு நாள்கள் கொடுங்கள். அதன் பிறகு யார் எந்தப் புதிய தாளைக் கொண்டுவந்து கொடுத்தாலும், எந்த நிறுவனம் இலவசமாக அனுப்பினாலும், வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் பிழைக் குறிப்பேட்டையும் உயிரியல் பாடநூலின் படங்களையும் அட்டவணைகளையும் மட்டும் படியுங்கள்.